முப்பத்தொரு ஹாக்கி

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல. தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு பெண்கள் அணி, கடைசி நிமிடத்தில் ஒரு கோல், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அப்படி ஒரு விளையாட்டுக் கதை. நீங்களும் அழுதிருப்பீர்கள். அந்த வித்தை எனக்குக் கைவந்தது; வயிற்றுப்பிழைப்பே அதுதான்.

நான்காம் பக்கத்தில் இடித்தது. ‘ஹாக்கி’ என்று எழுதுவதா, ‘வளைகோல் பந்தாட்டம்’ என்று எழுதுவதா? இரண்டாவதை எழுதினால், பந்து கோலுக்குள் போவதற்குள் வாக்கியம் களைத்துப்போகிறது. முதலாவதை எழுதினால், எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் வீடு தேடி வந்து சண்டை போடுவார். ஊரையே கேட்பதற்குப் பதில் உரியவர்களைக் கேட்போம் என்று அகராதி அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

“ஹாக்கிங்கற வார்த்தைக்கு நீங்க என்ன அர்த்தம் போட்டிருக்கீங்க?”

மறுமுனையில் ஒரு பெண்குரல். “ஆபீஸ் அர்த்தம் வேணுமா, வீட்டு அர்த்தம் வேணுமா?” என்றது.

“ரெண்டும் வேற வேறயா?”

“ஆபீஸ்ல ரெண்டு இருக்கு. வீட்ல முப்பத்தொண்ணு.”

நான் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட இடங்கள் என் வாழ்க்கையில் கொஞ்சம் உண்டு, அதில் இது முதலிடம். என் விளையாட்டுக் கதை அன்றோடு அம்போ.

பிறகு நாலைந்து தடவை பேசினோம். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. “என் அக்காவைப் பாவமாக்கிடக் கூடாது. படிக்கிறவங்க ஒருத்தர் ‘ஐயோ பாவம்’னு சொன்னாலும், நீங்க தப்பா எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம்.” ஆகையால் வாசகரே, இனி பொறுப்பில் பாதி உங்களுடையது. வாயை அடக்கிக்கொள்ளவும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. மூன்றாவது மாடியில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, ஒரு பெண் தனியாக

[நிறுத்திவிட்டேன். வானம் மூடிக்கிடந்ததாக அவர் சொல்லவே இல்லை. எழுத வராதபோது நான் கூப்பிடும் மழை அது. கூப்பிட்ட உடனே வந்து நிற்கும், வெட்கங்கெட்ட மழை.]

இரண்டாவது முயற்சி:

அக்கா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கிளிப் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள்

[இதையும் நிறுத்திவிட்டேன். நிபந்தனை ஞாபகம் வந்தது. இன்னும் நாலு வரி போனால் நீங்கள் உச்சுக்கொட்டியிருப்பீர்கள்.]

மூன்றாவது முயற்சி நின்றது. இதோ.

3

போனில் பேசிய அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பட்டப்பெயர் அகராதி. ‘அகராதி பிடிச்சவ’ என்றால் யாருக்கும் அடங்காதவள், சொல்லுக்குச் சொல் எதிர்த்து நிற்பவள் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழு வயதில், “தூங்கினா கண்ணு மூடும்னு சொல்றியே, மூடினா ஏன் தூக்கம் வர்றதில்லை?” என்று கேட்டதற்காக அக்கா வைத்த பெயர். இருபத்து நான்கு வயதில் அவள் அகராதி அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தபோது, “பாத்தியா, பேரு முன்னாடி போயி உனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கு” என்றாள் அக்கா. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. அதே மாடி, அதே நாற்காலி. மெத்தை மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது.

அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத வேண்டுமென்றால், உட்கார்ந்து யோசித்து எழுதுவது கிடையாது. முதலில் சீட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெட்டி அட்டை. மேலே சொல். நடுவில் அதை யார், என்றைக்கு, யாரிடம், எப்படிச் சொன்னார்கள் என்ற விவரம். அடியில் பொருளுக்கு ஒரு வரி, அது காலி. பேச்சிலும் பேப்பரிலும் அந்தச் சொல் வரும் இடத்தையெல்லாம் சீட்டு சீட்டாகச் சேர்த்து, மூன்று வெவ்வேறு ஆட்கள் ஒரே மாதிரி சொல்லியிருந்தால்தான் அடிவரியில் பேனா படும். ஒரே ஆள் நூறு தடவை சொன்னாலும் ஒரு சாட்சிதான்.

இதைத் தலைகீழாகச் செய்வது அந்த மாடியில் மகாபாவம். பொருளை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதான பேச்சைத் தேடிப் போவது. “தாலியைக் கட்டிட்டுப் பொண்ணு தேடற கதை” என்பார்கள். புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் ஒருமுறை அதைச் செய்து மாட்டிக்கொள்வார்கள். அகராதி இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட மாட்டியதில்லை.

‘ஹாக்கி’ பெட்டியில் நாற்பத்து நான்கு சீட்டுகள் இருந்தன. பதினைந்து, மைதானத்தில் மட்டையால் பந்தை அடித்து ஆடுகிற ஆட்டம். இருபத்தாறு, தெருச் சண்டை: “ஹாக்கியை எடுத்துட்டு வந்துட்டாங்க சார், ஓடிட்டோம்.” ஆட்டத்தைவிட அடிதடியில்தான் இந்தச் சொல் அதிகம் உழைத்திருக்கிறது என்று அவள் சொன்னபோது எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஆக, அலுவலக அர்த்தம் இரண்டு: ஆட்டம், அந்த மட்டை. மீதி மூன்று சீட்டும் உறைந்த பனிக்கட்டியின் மேல் ஆடுவது. ஆனால் மூன்றையும் சொன்னது ஒரே ஆள். அக்காவின் மகன். அவன் வேலை பார்க்கும் குளிர்நகரத்தில் ஹாக்கி என்றால் பனிதான். புல்லில் ஆடுவதைச் சொல்ல வேண்டுமென்றால் முன்னால் இன்னொரு சொல் போட வேண்டும். ஒரே சாட்சி என்பதால் அந்த அர்த்தம் வாசலிலேயே நிற்கிறது.*

* சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அது பிறந்த மொழிக்காரர்களுக்கே நிச்சயமாகத் தெரியாதாம். நுனி வளைந்த கம்பைக் குறித்த ஏதோ ஒரு பழைய சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள். “அப்ப நம்ம கொக்கி?” என்று ஆசையாக ஆரம்பித்தேன். “சீட்டு இருக்கா?” என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

4

அக்கா ஹாக்கிப் பயிற்சியாளர். இளமையில் கோல்கீப்பர், பிறகு முப்பது வருடம் கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சி. மைதானத்தின் இந்த முனையில் நின்று பேசினால் அந்த முனையில் இருப்பவள் திரும்பிப் பார்க்கும் குரல். ஒலிபெருக்கி கொடுத்தால் கோபித்துக்கொள்வாள். கணவர் காலமாகி, மகன் வேலைக்கு வெளிநாடு போனபிறகு, கல்யாணம் செய்துகொள்ளாத தங்கையின் ஐந்தாவது மாடி வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டு பேரும் காலையில் சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அகராதிக்கு அதைவிடச் சந்தோஷமான காலம் இருந்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம். வலது கை, வலது கால், அதோடு பேச்சு. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாம் நாள் காலை, நர்ஸ் விரிப்பை மாற்றும்போது, அக்கா தெள்ளத் தெளிவாகச் சொன்னாள்: “ஹாக்கி.”

அகராதி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். பேச்சு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பெயர் என்ன? ஹாக்கி. இது யார்? ஹாக்கி. வலிக்கிறதா? ஹாக்கி ஹாக்கி.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள். “சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை தங்கிடும்மா. எது தங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க பேசறது அவங்களுக்கு நிறையவே புரியுது. ஆனா அவங்க தலையாட்டறதை நம்பாதீங்க. ஆமான்னு நினைச்சுக்கிட்டு இல்லைன்னு ஆட்டுவாங்க. இடது கையில எழுதச் சொன்னாலும் எழுத்து வராது.”

[தலையாட்டச் சொல்லலாமே, படம் காட்டித் தொடச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். படத்தட்டை கொடுத்தார்களாம். அக்கா அதை வாங்கி, மேலே டம்ளரை வைத்துக்கொண்டாள்.]

5

இனிமேல்தான் நான் இந்தக் கதைக்கு அடிமையான இடம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அகராதியின் காதுக்குப் பிடிபட்டது. ஒரே சொல்தான், ஆனால் ஒரே குரல் இல்லை. முதல் எழுத்தை இழுத்தால் தண்ணீர். வெட்டி நிறுத்தினால் ஃபேனை அணை. அடித்தொண்டையில் மெதுவாக இரண்டு முறை என்றால் நன்றி. செய்தி வாசிப்பவர் ஏதோ புள்ளிவிவரம் சொன்னதும் மூக்கால் ஒரு ஹாக்கி: புளுகு. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் புதுத் தலைமுடியோடு நின்றதைப் பார்த்துவிட்டு, அவர் இறங்கியபின் தங்கையின் காதுக்குள் ஒரு ஹாக்கி. இரண்டு பேரும் கதவைத் திறக்க முடியாமல் சிரித்தார்கள்.

அகராதி பழக்கதோஷத்தில் அலுவலகச் சீட்டுக் கட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சொல்: ஹாக்கி. சொன்னவர்: அக்கா. சீட்டுகள் நிறைந்தன. ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு.

இதைக் கேட்ட அன்று நான் என் அறையில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். கோபமாக. கெஞ்சலாக. பொய்யாக. தலைவாசலில் கடன் கேட்க வந்தவனைத் திருப்பி அனுப்புகிற மாதிரி. என் மனைவி எட்டிப் பார்த்து, “என்னங்க, பல்லு வலியா?” என்றாள். இல்லை, எனக்குப் பிரமிப்பு. முப்பது வருடமாக மூட்டை மூட்டையாகச் சொற்களை இறக்கியும் நான் ஒரு மனுஷியைச் சரியாகச் சிரிக்கவைத்ததில்லை. அந்த ஐந்தாவது மாடியில் ஒரே ஒரு சொல், அதுவும் ஊர் பேர் நிச்சயமில்லாத வந்தேறிச் சொல், ஒரு முழுக் குடும்பப் பேச்சையும் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறது. திட்டுகிறது, கொஞ்சுகிறது, வம்பளக்கிறது. ஒரு சொல் இவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

[பிரமிப்பு போதும், கதைக்கு வா என்கிறீர்கள். வருகிறேன். பிரமிப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதில் அகராதியும் விழுந்தாள்.]

சீக்கிரமே அவள் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். டாக்டர் அக்காவிடம் கேட்பார், அக்கா ஹாக்கி என்பாள், டாக்டர் அகராதியைத் திரும்பிப் பார்ப்பார். “முழங்கால்ல இழுக்குதுன்னு சொல்றா.” டாக்டர் எழுதிக்கொள்வார். கொஞ்ச நாளில் டாக்டர் முதலிலேயே அகராதியைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான். “எப்படிம்மா உனக்கு மட்டும் புரியுது?” என்பார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் என்னிடம் சொன்னாள்.

6

மகன் பத்து நாள் விடுப்பில் வந்தான். கெட்ட பிள்ளை இல்லை. வந்த அன்றே அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டான், குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பி மாட்டினான். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை எடுத்தான்.

“அம்மாவை என்னோட கூட்டிட்டுப் போறேன் சித்தி. என் வீட்ல தரைத்தளத்துல ரூம் இருக்கு. பேச்சுப் பயிற்சி குடுக்கற இடம் நடக்கற தூரம். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணினா விசாவுக்குப் பேப்பர் போட்டுடுவேன்.”

அகராதி தட்டைப் பார்த்தபடி, “அவளைக் கேளு” என்றாள்.

அவன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். “அம்மா, என்னோட வர்றியா?”

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். “ஹாக்கி. ஹாக்கி…”

“வரமாட்டேங்கறா” என்றாள் அகராதி.

அவன் நிமிர்ந்தான். “எனக்கு வர்றேன்னு கேட்டுச்சு.”

“உனக்கு எப்படிக் கேக்கும்? எட்டு மாசமா இவ பேச்சைக் கேக்கறவ நான்.”

“முப்பத்திரண்டு வருஷமா இவங்க குரலைக் கேக்கறவன் நான். சித்தி, கோவிச்சுக்காதீங்க. இது அம்மா சொல்றதா, நீங்க சொல்றதா?”

அக்கா ஒருமுறை இவனையும் ஒருமுறை அவளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அகராதி எழுந்து தட்டைக் கழுவப் போனாள். சுத்தமாக இருந்த தட்டை மூன்று முறை கழுவினாள்.

7

மறுநாள் அவள் முப்பத்தொரு சீட்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனபிறகு, மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். நிரூபித்துவிடலாம் என்றுதான். தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, குரல் எப்படி என்று குறிப்பு இருக்கிறது. மகனிடம் காட்டினால் வாயடைத்துப்போவான்.

அடுத்தவர் சீட்டைச் சரிபார்ப்பது அவளுடைய அன்றாட வேலை. அந்தக் கண்ணால் பார்த்தாள். முதல் பதினெட்டு சீட்டு சரி. பத்தொன்பதாவதிலிருந்து ஏதோ உறுத்தியது. நடுவரி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பேனா, பென்சில்கூட இருந்தது. அடிவரியில் மட்டும் பதின்மூன்று சீட்டிலும் ஒரே கறுப்பு மை, ஒரே நிதானமான கையெழுத்து. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது.

ஞாபகம் வந்தது. நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் என்னென்ன சொல்லுவாள் என்று யோசித்து, வேலையைச் சுலபமாக்க, அர்த்தங்களை முன்கூட்டியே எழுதி வைத்தாள். ‘போதும்.’ ‘நீ என்னைப் புரிஞ்சுக்கறே.’ ‘வெளியாள் வேண்டாம்.’ பிறகு அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அல்லது சொன்னதாக இவளுக்குக் கேட்கக் கேட்க, நடுவரியை நிரப்பினாள். இருபத்தேழாவது சீட்டை எடுத்தாள். பொருள்: ‘நான் இங்கேயேதான் இருப்பேன்.’ நடுவரியில் இருந்தது, மகன் ஊருக்கு வருகிறேன் என்று முதன்முதலாகப் போனில் சொன்ன நாளின் தேதி. அக்கா அதைச் சொல்வதற்கு மூன்று வாரம் முன்பே தங்கை அதை எழுதி வைத்துவிட்டாள்.

இருபத்தெட்டு வருடத்தில் செய்யாத பாவம். செய்ததும் எங்கே என்று பாருங்கள்.

தலைமைப் பதிப்பாசிரியர் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. “என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“சீட்டுக்கு முன்னாடி பொருள் எழுதிட்டேன் சார்.”

அவர் நம்பவில்லை. “நீங்களா? எந்தச் சொல்?”

“ஹாக்கி.”

அவர் அலுவலகப் பெட்டியை நினைத்துக்கொண்டார். “அதுக்கென்ன, அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து கேளுங்க.”

அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அக்காவின் வாயில் தன் பேச்சைப் போட்ட வெட்கம் பாதி. மீதிப் பாதி பயம். அக்கா போய்விட்டால் மாலையில் சாவியைத் திருப்பி உள்ளே போகும்போது, யார் அவளை அகராதி என்று கூப்பிடுவார்கள்? எட்டு மாதமாக யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

8

இங்கே நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன். எனக்கு அகராதியின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. முதல் பதினெட்டு சீட்டு மட்டும் எப்படிச் சரி? லிஃப்டுச் சிரிப்பு நிஜமாக அதுதானா? அவளையே கேட்டேன். “சிரிச்சது ரெண்டு பேரும். அது நிஜம். எதுக்குச் சிரிச்சோம்னு இப்ப சத்தியம் பண்ண மாட்டேன்” என்றாள்.

பிறகு முடிவுகளைத் தயாரித்தேன். கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று கதையே சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் முன்கூட்டி முடிவு எழுதினேன். தொட்டில் பழக்கம்.

முடிவு அ: ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் திடீரென்று இரண்டாவது சொல் வருகிறது. அது மகனின் பெயர். அல்லது தங்கையின் பட்டப்பெயர். அல்லது

[அடித்துவிட்டேன். மருத்துவம் அப்படி நடப்பதில்லை என்பதற்காக இல்லை. முதல் சொல்லுக்கு அது அவமானம்.]

முடிவு ஆ: அக்கா தன் இடது கையை உயர்த்தி, ஆட்டத்தில் நடுவர் காட்டுகிற ஒரு சைகையைக் காட்டுகிறாள். அர்த்தம் பளிச்சென்று விளங்குகிறது.

[இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “இவ்வளவு சுலபமா இருந்தா அந்தம்மா எட்டு மாசம் எதுக்குக் காத்திருந்தாங்க?” என்றாள். அடித்துவிட்டேன்.]

முடிவு இ: அக்கா போகிறாள். விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலி சின்னதாகிக்கொண்டே

[நிபந்தனை.]

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். அவள் சொன்னதை, அவள் சொன்ன வரிசையில்.

9

ஞாயிறு காலை பதினோரு மணி. வெயில் பால்கனி வழியாகத் தரையில் பாதி அறைக்கு வந்திருந்தது. அக்கா சன்னலோர நாற்காலியில். மகன் எதிரே ஸ்டூலில், பேப்பர்களோடு. அகராதி கதவருகே நின்றாள்.

“அம்மா, கடைசியா கேக்கறேன். என்னோட வர்றியா, இல்லை இங்க இருக்கியா?”

“ஹாக்கி” என்றாள் அக்கா. “ஹாக்கி, ஹாக்கி…”

மகன் பழக்கத்தில் சித்தியைத் திரும்பிப் பார்த்தான். எவ்வளவு சண்டை போட்டாலும் கண் அங்கேதான் போகிறது. அகராதி வாய் திறந்தாள். இரண்டு பதில் அவள் நாக்கில் தயாராக இருந்தது, இரண்டுமே நல்ல தமிழில்.

“எனக்குத் தெரியலை” என்றாள்.

“என்ன சித்தி?”

“அவ என்ன சொல்றான்னு எனக்குத் தெரியலைப்பா. அவ சொன்னதா நான் சீட்டுல எழுதி வெச்சதுல பாதி நானாவே எழுதினது. அவ போயிடக் கூடாதுன்னு எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு எது கேட்டுச்சோ அதை உங்கிட்ட சொன்னேன்.” பிறகு அக்காவிடம் போய், காலடியில் தரையில் உட்கார்ந்தாள். “அக்கா, மன்னிச்சுக்கோ. உன் பேச்சை நான் பேசிட்டேன். நீ சொல்லு.”

அக்கா சொன்னாள்.

இந்த இடத்தில் போனில் அகராதியின் குரல் மாறியது. “நீங்க நம்ப மாட்டீங்க. பதினோரு நிமிஷம். சுவர்க் கடிகாரம் எதிர்லதான் இருந்துச்சு.”

பதினோரு நிமிடம் அக்கா பேசினாள். ஹாக்கி, ஹாக்கி, ஹாக்கி. முதலில் மெதுவாக, கூட்டத்தைக் கூட்டுகிற மாதிரி. பிறகு வேகமாக. நடுவில் மகனைப் பார்த்து ஒரு நீளமான பகுதி, அதில் ஒரு இடத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு தங்கையைப் பார்த்து. அதில் கோபம் இருந்தது, நிச்சயமாக இருந்தது, இடது கையால் நாற்காலிக் கையை இரண்டு முறை தட்டினாள். பிறகு அந்தக் கோபத்துக்குள்ளிருந்தே ஒரு சிரிப்பு. இடையிடையே மூச்சு வாங்க நிறுத்தினாள். நிறுத்தியபோதெல்லாம் அகராதியின் உதடு தானாகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒவ்வொரு முறையும், முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்துக்குப் பிறகு அக்கா தொடர்ந்தாள். வாக்கியங்கள் இருந்தன. பத்திகள் இருந்தன. ‘ஆனாலும்’ இருந்தது, ‘அதை விடு’ இருந்தது. அவளிடம் இவ்வளவு இருந்திருக்கிறது. எட்டு மாதமாக இரண்டாவது ஹாக்கியிலேயே தங்கை குறுக்கே புகுந்து முழு வாக்கியமாக்கிக் கொடுத்துவிட்டதால், அவள் ஒருமுறைகூடப் பேசி முடித்ததில்லை.

அகராதி சொன்னாள்: “என் அக்கா அப்படியே இருந்தா. முழுசா. அத்தனை நாளும் பக்கத்து ரூம்லயே இருந்திருக்கா.”

[நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்று முழுக்கக் கூச்சமாக இருந்தது.]

பேசி முடித்தபோது அக்காவின் நெற்றியில் வியர்வை. கடைசி ஹாக்கி மற்றதைப் போல இறங்கவில்லை. மேலே போனது, மேலேயே நின்றுவிட்டது. அப்படி நிறுத்திவிட்டு அவள் மகனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், புருவத்தை உயர்த்தி, காத்திருந்தாள்.

அகராதிக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. “இவ கேக்கறா” என்றாள்.

“என்ன?”

“இது பதில் இல்லைடா. இவ நம்மளை ஏதோ கேக்கறா.”

டாக்டர் கேட்டார், மகன் கேட்டான், தங்கை கேட்டாள். எட்டு மாதமாக எல்லோரும் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு ஒரு கேள்வி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்தொரு சீட்டில் ஒன்றில்கூட அடிவரியில் கேள்விக்குறி கிடையாது.

“என்ன கேக்கறாங்க சித்தி?”

“தெரியலை” என்றாள் அகராதி. “தெரியாதுதான். ஆனா பதில் சொல்லணும். நீயும் நானும்.”

10

“அப்புறம்?” என்றேன் நான்.

“அப்புறம் சொன்னோம். ரெண்டு பேரும்.”

“என்ன கேள்வின்னே தெரியாம என்ன பதில் சொன்னீங்க?”

“அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

“அக்கா இப்ப உங்களோட இருக்காங்களா, அவனோடயா? அதையாவது சொல்லுங்க. கதைக்கு முடிவு வேணும்.”

“முடிவு எழுதிட்டுக் கதை தேடறீங்க பாருங்க” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “உங்களுக்கு இப்ப அவளைக் கொஞ்சம் தெரியுமில்ல? அவ உங்களைப் பாத்துக் கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?” போனை வைத்துவிட்டாள்.

நான் நாலு நாள் முயன்றேன். ‘நீங்க எங்க இருந்தாலும்’ என்று ஆரம்பித்து அடித்தேன். ‘உங்க இஷ்டம்’ என்று எழுதினேன். அது பதில் இல்லை, பதிலிலிருந்து ஓடுவது. ‘எனக்கு நீ வேணும்’ என்று எழுதிவிட்டு, அக்கா என்ன கேட்டிருந்தால் இது பொருந்தும், என்ன கேட்டிருந்தால் இது அவளைக் கொன்றுவிடும் என்று யோசித்து, அடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் விட்டுவிட்டேன்.

உங்களிடம் தந்துவிடுகிறேன். பதினோரு மணி வெயில். மகன் எதிரே ஸ்டூலில், தங்கை காலடியில். நடுவில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது, உட்காருங்கள். இடையில் புகுந்து எதையும் சொல்லி முடித்துக் கொடுக்காதீர்கள், அது மட்டும் வேண்டாம். நெற்றி வியர்வையைத் துடைக்காமல், புருவத்தை இறக்காமல், அக்கா உங்களைப் பார்க்கிறாள். அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டுவிட்டாள்.